கொன்ஸ்ரன்ஸ் கேட்ட காசு

கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கைக்குள் போய் "கிளெமென்ற் வீடு எது?" என்று கேட்டால் மூன்று வீட்டைக் காட்டுவார்கள். "காசு கிளெமென்ற்" என்று கேட்டால்தான் சரியான வாசலுக்கு வழி கிடைக்கும். பெயரை நம்பி, வட்டிக்குக் கொடுக்கிற ஆள் என்று நினைத்துக் கதவைத் தட்டியவர்களும் உண்டு. பாவம், அவர்களுக்கு நல்ல ரீ கிடைத்தது. செத்துப்போன அரசர்களைப் பற்றி நீண்ட விளக்கமும் கிடைத்தது. கடன் மட்டும் கிடைக்கவில்லை.

கிளெமென்ற் ஒரு கப்பல் ஏஜன்சியில் வார்ஃப் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களில் ஏறி இறங்கி, கடதாசிகளில் கையெழுத்து வாங்கி, கப்டன்மாருக்குக் கோபம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் உத்தியோகம். அவர் கல்யாணம் முடித்த புதிதில் ஒரு கிரேக்கக் கப்பல் எஞ்சின் பழுதாகிக் கொழும்பில் நெடுநாள் கிடந்தது. அதன் தலைமை எஞ்சினியர் வயதான மனிதர். கரையில் ஒருவரையும் தெரியாது. கிளெமென்ற் அவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பாடு போட்டார். சமைத்தது மனைவி கொன்ஸ்ரன்ஸ், பெயர் வாங்கியது கிளெமென்ற் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கப்பல் புறப்படும் நாளில் அந்த மனிதர் ஒரு சிகரெட் பெட்டியை நீட்டினார். உள்ளே ஊத்தையும் பச்சையுமாக ஒரு கைபிடி வெண்கலக் காசுகள். தகப்பனுடைய ஒலிவ் தோட்டத்தை உழும்போது வந்தவையாம். ஒன்றைத் துடைத்து, அடியில் இருந்த CON என்ற எழுத்துகளைக் காட்டி, "உன் மனைவியின் பெயர்" என்று சொல்லிச் சிரித்தார். அது கொன்ஸ்தாந்திநோப்பிள் பட்டணத்தில் அடித்த காசு என்று கிளெமென்றுக்குத் தெரியவர ஒரு வருசம் எடுத்தது. அதற்குள் பழங்காசுப் பைத்தியம் பிடித்துவிட்டது.

கிரேக்கம் பேசிய கிழக்கு ரோம ராச்சியத்துச் சில்லறைகள் அவை. தங்கக் காசு அரண்மனைக்கும் படைக்கும். வெண்கலக் காசு பாண் வாங்குவதற்கு. ஆகவே கிளெமென்ற் ஆயுள் முழுக்கச் சேர்த்தது யாரோ சனங்களின் பாண் காசைத்தான். பின்பக்கத்தில் பெரிதாக M இருந்தால் அதன் பெறுமதி நாற்பது. K என்றால் இருபது. I என்றால் பத்து. கீழே அடித்த ஊரின் சுருக்கப் பெயர். பக்கத்தில் அரசன் ஆண்ட எத்தனையாவது வருசம் என்பது. அவசரத்துக்குப் பழைய காசை உருக்காமல் அதன்மேலேயே புதிதாக அடித்த காலமும் உண்டு. அப்படியானதில் ஒரு அரசனின் தாடிக்குள் இன்னொருவனின் மூக்கு தெரியும். கிளெமென்ற் விடியற்காலை முன்வாசலில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, சரிந்து விழும் வெயிலில் காசைத் திருப்பித் திருப்பி, அந்த மூக்கு யாருடையது என்று கண்டுபிடித்தால் அன்று முழுக்கச் சந்தோசமாக இருப்பார். அதற்குப் பிறகு பாண்காரன் மிச்சத்தைக் குறைத்துக் கொடுத்தாலும் தெரியாது.

கொழும்பில் வெண்கலம் சேர்ப்பவனுக்கு எதிரி கள்ளன் அல்ல, கடல். உப்புக் காற்று பட்டால், வியர்த்த கை பட்டால், காசின் மேல் இளம்பச்சையாக மா மாதிரி ஒன்று பூக்கும். விட்டால் எழுத்தைத் தின்று, முகத்தைத் தின்று, கடைசியில் காசையே தின்றுவிடும். அதனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. காசை ஒருவரும் கையால் தொடக்கூடாது. பச்சை கண்டால் அவர் ஓடிப்போய் மோட்டார் கடையில், "மல்லி, பற்றரி வத்துற போத்தலயக் தெண்ட" என்று சிங்களத்தில் கேட்டு, பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கிவந்து ஊறப்போடுவார். காசுப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்ச, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகள் கிடக்கும். அவற்றையும் அடிக்கடி சூடாக்கிக் காயவைக்க வேண்டும். அந்த வேலை கொன்ஸ்ரன்ஸுடையது. நத்தார் கேக் போடுகிற 'அவன்' அடுப்பில், கேக் வெந்து இறங்கியதும், மிச்சச் சூட்டில் அந்தப் பைகளை அடுக்குவாள். "என்ட கேக்குக்கு முட்டை அடிக்கச் சொன்னா கை நோகுது. உங்கட காசுக்கு நான் அவன் போடுறன்" என்று சொல்லிக்கொண்டே செய்வாள். சொல்லாமல் ஒருநாளும் செய்ததில்லை. செய்யாமலும் விட்டதில்லை.

சிகரெட் பெட்டியில் வந்த காசுகளுக்குள் ஒன்றில் மட்டும் அரசனே இல்லை. ஒரு பக்கத்தில் தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு, கையில் வேதப் புத்தகத்தோடு கிறிஸ்துவின் முகம். மறுபக்கத்தில் நான்கு வரி எழுத்து: இயேசு கிறிஸ்து, அரசர்க்கு அரசர். இங்கே பொலநறுவையில் சோழர் இருந்த காலத்தில், அங்கே அரசன் தன் முகத்தையும் பெயரையும் காசிலிருந்து எடுத்துவிட்டு இந்த முகத்தைப் போட்டிருக்கிறான். சேர்ப்பவர்கள் அதை ஏ வகையின் இரண்டாம் பிரிவு, ஏ-டூ, என்பார்கள். அதிலேயே எத்தனையோ பிரிவுகள். ஒளிவட்டத்தின் சிலுவைக் கைகளில் எத்தனை புள்ளி, புத்தக அட்டையில் எத்தனை புள்ளி, எழுத்துக்கு மேலும் கீழும் என்ன பூவேலை என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். கிளெமென்றின் காசில் புத்தக அட்டைக்கு மேல் கல்லுமாதிரிப் பச்சைத் தோல் ஒன்று படிந்திருந்தது. சுரண்டினால் புள்ளி தெரியலாம், முகமும் போகலாம். அவர் சுரண்டவில்லை. வருசக் கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கொன்ஸ்ரன்ஸும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் அவள் புள்ளியைப் பார்க்கவில்லை. அவருக்கு அது ஏ-டூ, அவளுக்கு அது இயேசு. இதைப் பற்றி அவர்களுக்குள், அவர்களுடைய கல்யாணத்தின் வயசே ஆன ஒரு சண்டை இருந்தது.

"இயேசுவின்ட முகத்தைக் கொண்டுபோய் இருட்டுப் பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிருக்கிற ஆள் இந்த உலகத்தில நீங்க ஒருத்தர்தான்."

"அது சுரூபம் இல்ல கொன்ஸ்ரன்ஸ். காசு."

"காசில இருந்தா அவர் இயேசு இல்லையா?"

கிறிஸ்து அரசர் திருவிழா அன்று வருசத்துக்கு ஒருதரம் அதை முத்தி செய்ய, உதட்டில் ஒருதரம் ஒற்றத் தரும்படி கேட்பாள். அவர் பிளாஸ்ரிக் உறையோடு தூக்கிப் பிடிப்பார். அவள் உறையை முத்தி செய்வாள். பிறகு அவர் உறையைத் துடைப்பார். அவளுக்கு முன்னாலேயே துடைப்பார். அதுதான் கிளெமென்ற். கெட்ட மனிதர் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். குடிக்கிறதில்லை, கைநீட்டியதில்லை, சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொடுத்தவர். ஆனால் எங்கே கையைத் திறக்க வேண்டுமோ அங்கே பொத்திவைத்திருக்கிற பழக்கம் இருந்தது, அது அவருக்கே தெரியாது.

இந்தப் பைத்தியத்தில் அவருக்கு ஒரு கூட்டாளியும் இருந்தார். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக ஒரு மாடிவீட்டில் இருந்த பாலசுந்தரம். யாழ்ப்பாணத்து மனிதர், ஓய்வு பெற்ற கணக்காளர். இலங்கை மண்ணில் கிடைத்த பழைய ரோமச் சில்லறைகளைச் சேர்ப்பவர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பாலா கொட்டாஞ்சேனைக்கு வருவார், அல்லது கிளெமென்ற் வெள்ளவத்தைக்குப் போவார். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்துக் குனிந்தால் பிறகு வீடு பற்றி எரிந்தாலும் எழும்ப மாட்டார்கள்.

சில வருசத்துக்கு முன் கிளெமென்ற் இன்ரநெற்றில் இன்னொரு ஏ-டூ வாங்கினார். தன்னுடையதைவிடத் துப்புரவான காசு, புள்ளியெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பெருமையாகப் பாலாவின் முன் வைத்தார். பாலா பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. கையுறை போட்ட விரலால் விளிம்பைத் தடவினார்.

"ஐசே, இது அடிச்ச காசில்லை. வாத்த காசு."

"என்ன சொல்லுறீர்?"

"அச்சில ஊத்தி எடுத்திருக்கிறான். விளிம்பில பொருத்தின அடையாளத்தை அரத்தால ராவியிருக்கிறான், தடவிப் பாரும். எழுத்தெல்லாம் கரைஞ்ச சவுக்காரம் மாதிரிக் கிடக்கு. நல்லா ஏமாத்திப் போட்டான் உம்மை."

ரீ கொண்டுவந்த கொன்ஸ்ரன்ஸ் அதைக் கேட்டு ரேயை வைத்துவிட்டுச் சிரித்தாள். போலிக் காசுக்குச் சட்டம் இல்லைத்தானே, அவளும் எடுத்துத் தடவிப் பார்த்தாள். "தையல் பிரிச்சுத் தைச்ச சட்டை மாதிரி இருக்கு" என்றாள். அந்த மாதம் முழுக்க வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் இதுதான் பகிடி. கிளெமென்ற் ரோசத்தோடு போலியை மேசை லாச்சிக்குள் எறிந்தார். எறிந்தவர் மறந்துவிட்டார், அவளும் மறந்திருப்பாள் என்று நினைத்தார்.

கொன்ஸ்ரன்ஸுக்கு வயிற்றில் வந்த நோ முதலில் வாய்வு என்றார்கள். பிறகு வேறு பெயர் சொன்னார்கள். பொரளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வார்ட்டில் சேர்த்தபோது, இனி வீட்டுக்கு வருவது கஷ்டம் என்று டொக்ரர் மகள் றேணுகாவிடம் சொன்னார். றேணுகா பாமன்கடையில் குடியிருப்பவள், வங்கியில் வேலை. அவள் தகப்பனிடம் அதைப் பாதிதான் சொன்னாள். கிளெமென்ற் அந்தப் பாதியையும் பாதியாக்கி எடுத்துக்கொண்டார். சத்திரசிகிச்சை முடிந்தால் எழும்பிவிடுவாள், நத்தாருக்குக் கேக் போடுவாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு பின்னேரம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். கொன்ஸ்ரன்ஸ் மெதுவாகச் சொன்னாள்:

"இஞ்ச பாருங்க, ஒண்டு கேக்கட்டா? அந்த இயேசுவின்ட காசக் கொஞ்ச நாளைக்கு என்ட கைக்குள்ள வெச்சிருக்கத் தாறீங்களா?"

"உறையோடயா?"

"உறை எதுக்கு? கைக்குள்ள எண்டுதானே சொன்னன்."

"அதுக்கென்ன, நாளைக்குக் கொண்டாறன்" என்றார். மனதோடுதான் சொன்னார். பொரளையில் பஸ் ஏறியபோதும் அந்த மனம் இருந்தது. மருதானை தாண்டும்போது கொஞ்சம் குறைந்தது. கொட்டாஞ்சேனையில் இறங்கியபோது நியாயங்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. காய்ச்சல் கை, எப்போதும் வியர்வை. மருந்து, எண்ணெய், களிம்பு. நித்திரையில் கை தளர்ந்தால் கட்டிலுக்குக் கீழே விழும்; காலையில் கூட்டுகிறவர் குப்பையோடு அள்ளிவிடுவார். அவள் சுகமாகி வரட்டும், வந்தபிறகு உறையில்லாமலே கொடுப்பேன் என்று சத்தியமும் பண்ணிக்கொண்டார். அலுமாரியைத் திறந்து நல்ல காசை எடுத்து வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்தார். ஆயிரம் வருசம் மண்ணுக்குள் கிடந்தும் அழியாத முகம். திரும்ப வைத்துப் பூட்டினார். பிறகு மேசை லாச்சியைத் திறந்தார்.

போலிக்குக் கொஞ்சம் எண்ணெய் தடவி, கறுப்பேற்றி, நல்ல காசின் பழைய உறைக்குள், அவர் கையால் எழுதிய துண்டோடு சேர்த்து வைத்தார். இத்தனை வருசம் போலியைக் கண்டுபிடிக்கப் படித்த படிப்பெல்லாம் அன்று போலியை நல்லதாகக் காட்டப் பயன்பட்டது.

அடுத்த நாள் வார்ட்டில் கொஞ்சம் நடிக்கவும் செய்தார். உறையைத் தயங்கித் தயங்கித் திறந்தார். கைலேஞ்சியால் பிடித்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "கவனம், என்ன? இவ்வளவு காலம் ஒருத்தர் கையும் படாத காசு" என்றார். கொன்ஸ்ரன்ஸ் காசைப் பார்த்தாள். விரலை மடக்கினாள். கொஞ்ச நேரம் பொறுத்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தாங்ஸ்" என்றாள்.

புருசன் பெண்சாதிக்குள் தாங்ஸ் சொல்லிப் பழக்கமில்லாத வீடு அது. கிளெமென்றுக்கு ஒருமாதிரி இருந்தது. நோய்க்காரி, மனம் இளகியிருக்கிறாள் என்று நினைத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பார்க்கப் போகும்போது, எடுத்த வேசத்தை விடக்கூடாதே என்று, "காசு பத்திரமா இருக்கா?" என்று கேட்பார். "இருக்கு, இருக்கு. உங்கட ஏ-டூ பத்திரமா இருக்கு" என்பாள். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அவள் வாயில் அந்தப் பெயர் வந்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோசம்கூட. பக்கத்துக் கட்டிலில் இருந்த பலீலா, புதுக்கடைப் பக்கத்து முஸ்லிம் பெண், நடுத்தர வயது, அதைக் கேட்டுச் சிரிப்பாள். கொன்ஸ்ரன்ஸும் சிரிப்பாள். அவரும் சிரிப்பார்.

அவள் எழும்பவில்லை. ஒரு விடியற்காலை போய்விட்டாள். நேர்ஸ் விரல்களைப் பிரித்துக் காசை எடுத்து றேணுகாவிடம் கொடுத்தார். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தபோது, செபமாலை சுற்றிய கைக்குள் றேணுகா அந்தக் காசைத் திரும்ப வைத்தாள். பிறகு பயந்துபோய்த் தகப்பனைப் பார்த்தாள்.

"டடா, இது மம்மியோட போகட்டுமா? உங்களுக்கு ஏலாட்டி எடுத்துவிடுறன்."

முன்னறை முழுக்கச் சனம். எல்லாருக்கும் அந்தக் காசைத் தெரியும், அதைத் தொடக்கூடாது என்ற சட்டத்தையும் தெரியும். எல்லாரும் கிளெமென்றைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல ஒரு இடம் இருந்ததென்றால் அது அந்த இடம்தான். உள்ளே போய் அலுமாரியைத் திறந்து மாற்றிவைக்கவும் நேரம் இருந்தது. அப்படிச் செய்தால் முதல் செய்தது வெளியே வந்துவிடும் என்று பயந்தார்.

"போகட்டும் மகள்" என்றார்.

பாலசுந்தரம் வந்து அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். "என்னால ஏலாது ஐசே. உண்மையாச் சொல்லுறன், என்ர மனுசிக்கு நான் இப்பிடிச் செய்ய மாட்டன். நீர் பெரிய மனுசன்." பூசையில் ஃபாதர் அதையே பிரசங்கமாக்கிவிட்டார். தன் ஆயுளில் சேர்த்ததில் மிகப் பெறுமதியானதை மனைவியின் கையில் வைத்து ஆண்டவரிடம் அனுப்பிய கணவன் என்றார். கோயிலில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். கிளெமென்ற் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். துக்கமும் இருந்தது. மாதம்பிட்டிச் சவக்காலையில் மண் போடும்போது, இப்போதாவது கத்திச் சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. அவரும் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பும் வரும். புதைத்துவிட்ட காசு அலுமாரிக்குள் இருந்தது. யாருக்கும் காட்ட முடியாது, வெயிலுக்குக் கொண்டுவர முடியாது. றேணுகா வரும் நாட்களில் அலுமாரித் திறப்பைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிவார். பாலாவின் மகன் சயந்தன் லண்டனிலிருந்து ஒரு புத்தகம் அனுப்பியிருந்தான். ஏ-டூ காசுகளின் பிரிவுகளெல்லாம் படத்தோடு இருந்த புத்தகம். பாலா அதைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து ஓடிவந்தார். ஒரு பக்கத்தை விரித்தார்.

"பாரும், உம்மட காசில எழுத்துக்கு மேல இருந்த பூவேலை இதுதானே? அப்ப காசில இருக்கிற வேதப் புத்தகத்தில நடுப்புள்ளி இருக்கவேணும். ஒருக்காப் பாத்தாத் தெரிஞ்சிடும்." பிறகு தானே நாக்கைக் கடித்துக்கொண்டு புத்தகத்தை மூடினார். "மன்னிச்சுக்கொள்ளும். நான் ஒரு விசரன்."

காசு அவர்களுக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில் இருந்தது. பாலா போன பிறகு கிளெமென்ற் அதை எடுத்துப் பார்த்தார். சரியான சாய்வில் பிடித்தபோது பச்சைத் தோலுக்கு அடியில் நடுப்புள்ளி மேடாகத் தெரிந்தது. வாலிபத்திலிருந்து தேடிய விடை. சொல்வதற்கு ஒருவரும் இல்லை. முன்பென்றால் குசினிப் பக்கம் திரும்பி, "கொன்ஸ்ரன்ஸ், கண்டுபிடிச்சிட்டன்" என்று கத்தியிருப்பார். அவள், "என்னத்தை? பருப்புக்கு உப்பு இல்லையெண்டா?" என்று கேட்டிருப்பாள். கிளெமென்ற் காசை மேசையில் வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார்.

இந்தக் காலமெல்லாம் அவரைத் தாங்கிப் பிடித்தது ஒரேயொரு நினைப்புத்தான். நான் செய்தது பிழை, ஆனால் அவளுக்குத் தெரியாது. அவள் இயேசுவின் முகத்தைக் கைக்குள் வைத்திருக்கிறேன் என்று நம்பித்தான் போனாள். நம்பிக்கையில் குறை இல்லை, காசில்தான் குறை. இதைத் தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, அது ஒரு செபம் மாதிரி ஆகிவிட்டது. அதோடு, ஆண்டு நினைவுப் பூசை வந்தால் அன்று றேணுகாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்றும், கல்லறையைத் திறக்க முடியாவிட்டாலும் நல்ல காசைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவதென்றும் தீர்மானித்தார்.

ஆண்டுப் பூசை முடிந்து வீட்டில் மத்தியானச் சாப்பாடு. நெருங்கிய ஆட்கள் மட்டும். பாலசுந்தரம் வந்திருந்தார். றேணுகாவோடு போனில் தொடர்பு வைத்திருந்த பலீலாவும் வந்திருந்தாள், சுகமாகி, முகத்தில் இரத்தம் ஊறி. கையில் ஒரு தட்டு வட்டலப்பம். கிளெமென்ற் சட்டைப்பைக்குள் நல்ல காசை வைத்துக்கொண்டு, எப்போது சொல்வது என்று தெரியாமல் முன்வாசல் கதிரையில் போய் இருந்தார். உள்ளே கோப்பைச் சத்தம். பலீலா அவருக்கு ஒரு கிளாஸ் சர்பத் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"ஐயா, அக்காட நெனப்பு வந்தா எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. அந்தக் கள்ளக் காச வெச்சிக்கிட்டு என்னமா பகிடி பண்ணுவாங்க."

கிளெமென்ற் அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன காசு?"

"நீங்க குடுத்த காசுதான். நீங்க குடுத்துட்டுப் போன அண்டைக்கே அக்கா எனக்குக் காட்டினாங்க. ஓரத்தத் தடவிப் பாக்கச் சொன்னாங்க. தையல் மாதிரி இருக்கு, இது அந்த ஏமாந்த காசுன்னு சொன்னாங்க." அவள் சொல்லிக்கொண்டு போனாள், அதில் ஒளிக்க எதுவும் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. புருசன் பெண்சாதிக்குள் நடந்த செல்லப் பகிடி என்றே இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறாள். "நீங்க வந்து பத்திரமா இருக்கான்னு கேட்டுட்டுப் போனதும் நாங்க ரெண்டு பேரும் சிரிப்போம்."

கிளெமென்றுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் அந்தக் காசை ஒருதரமாவது இயேசு என்று சொல்லவில்லை. உங்கட ஏ-டூ, உங்கட ஏ-டூ என்றுதான் கடைசிவரை சொன்னாள்.

"அவ... கோவிக்கேல்லையா?"

"கோவமா? இல்ல ஐயா. நான்தான் ஒரு நாள் கேட்டேன், அக்கா, அவர்ட்டச் சொன்னா நல்லதக் கொண்டாந்து தருவாரேன்னு. அதுக்கு அக்கா சொன்னாங்க, 'தருவார். சொன்னா ஓடிப்போய்க் கொண்டந்து தருவார். நான் சொல்லி அவர் தாறது எனக்கு எதுக்கு பலீலா?' அப்படின்னு. பொறகு மத்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க."

பலீலா சொல்லி முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அதுவரை பகிடியாக நினைத்தது பகிடி இல்லையென்று அந்த முகத்தில் கண்டிருக்க வேண்டும். "அல்லாஹ்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு எழும்பி உள்ளே போய்விட்டாள்.

கிளெமென்ற் கிளாஸைக் கீழே வைத்தார். கொன்ஸ்ரன்ஸ் கேட்டது ஒரு காசை அல்ல என்பது அவருக்கு இப்போது விளங்கியது. விளங்கி என்ன செய்ய? அவள் கை திறந்து கிடந்த நேரத்தில் அவருக்கு விளங்கவில்லை.

றேணுகா சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் உள்ளே போனார். மேசையைச் சுற்றி எல்லாரும் இருந்தார்கள். சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து, உறை இல்லாமல், வெறுங்கையால், மகளின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். பாலசுந்தரம் அதைப் பார்த்துவிட்டு வாயில் வைத்த சோற்றை விழுங்காமல் இருந்தார்.

"மம்மிட கையில நான் வெச்சது போலி" என்றார். "இதுதான் அவ கேட்டது. நான் குடுக்கேல்ல."

றேணுகா காசைத் தொடவில்லை. தகப்பனைத் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. பலீலா குனிந்துகொண்டு இருந்தாள்.

"மம்மிக்குத் தெரியுமா?" என்று றேணுகா கேட்டாள்.

காலையில் கேட்டிருந்தால், இல்லை மகள், அவ நம்பித்தான் போனா என்று சொல்லியிருப்பார். அதையாவது சொல்லியிருப்பார்.

"தெரியும்" என்றார்.